எங்க அப்பாயி பாடுறதும் தாய்நாட்டுப் பாட்டுதான்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல தாய்நாட்டுப் பாடல்கள்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல. பாரதியில ஆரம்பிச்சு, சுதந்திரப் போராட்ட காலத்துல மேடையில பாடினது, சினிமாவுல வந்தது, அப்புறம் ஈழத்துப் பாட்டு கொஞ்சம், கடைசியில துபாய் சிங்கப்பூர்ல இருக்கிறவங்க ஊரை நினைச்சு ஹெட்போன்ல கேட்டு கண்ணு கலங்குற பாட்டுன்னு எல்லாம் இருந்துச்சு, நானும் டீ ஆறுறது தெரியாம படிச்சேன். ஆனா நீலகிரிக்கு வர்ற பேப்பர்லயாவது எங்க ஆளுங்களைப் பத்தி ஒரு வரி இருக்கும்னு பாத்தேன், முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் திருப்பித் திருப்பிப் பாத்தேன், இல்ல. அதான் எழுதுறேன். நீளமாப் போயிடும், கோச்சுக்காதீங்க.

நான் பந்தலூர் தாலுகா கொளப்பள்ளி பக்கம் செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுல, லயம்னு சொல்ற வரிசை வீட்டுல, பொறந்து வளந்தவன். அப்பா, அப்பாயி (அப்பாவைப் பெத்தவங்க), தாத்தா எல்லாரும் சிலோன்ல மஸ்கெலியா பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து வந்தவங்க. கவர்மென்ட் பேப்பர்ல எங்களுக்கு தாயகம் திரும்பியோர்னு பேரு, கடைத்தெருவுல சிலோன்காரங்க. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர்னு எங்க போனாலும் எங்க ஆளுங்க இருப்பாங்க, தேங்காய் சம்பலும் ரொட்டியும் எந்த வீட்டுல மணக்குதோ அது எங்க வீடு.

எங்க கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். திருச்சி, துறையூர், முசிறி, சேலம், புதுக்கோட்டை பக்கம் பஞ்சத்துல அடிபட்ட சனங்க வெள்ளைக்காரன் காலத்துல தோட்டத்துக்கு ஆள் சேக்குற கங்காணி பேச்சைக் கேட்டு கடல் தாண்டிப் போனாங்க. முதல்ல கோப்பி, அதாவது காப்பி, அது 1869-க்கு அப்புறம் இலையில நோய் விழுந்து அழிஞ்சதும் தேயிலை. நூறு வருஷத்துக்கு மேல காட்டை வெட்டி மலையை தோட்டமாக்கி குடுத்தாச்சு, சிலோனுக்கு சுதந்திரம் வந்த அதே 1948-ல குடியுரிமைச் சட்டம்னு ஒண்ணு போட்டு நீங்க இந்த நாட்டுக்காரங்க இல்லைன்னுட்டாங்க. அப்புறம் 1964 அக்டோபர்ல சிலோன் பிரதமர் சிறிமாவோ அம்மாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து கையெழுத்து போட்டாங்க. 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு சிலோனுக்கு, மிச்சம் 1,50,000 பேரு அப்புறம் பாத்துக்கலாம். அந்த மிச்சத்தையும் 1974-ல இந்திரா அம்மா காலத்துல ஆளுக்குப் பாதி 75,000-னு பிரிச்சுக்கிட்டாங்க. மூட்டைக் கணக்கு மாதிரிதான் இருக்கு, ஆனா ஒவ்வொரு நம்பருக்குள்ளயும் அண்ணன் அங்க தங்கச்சி இங்கன்னு ஒரு குடும்பம் பிஞ்சு கெடக்கு. எங்க அப்பாயியோட கூடப் பொறந்தவங்கள்ல வந்தது அவங்க மட்டும்தான்.

இனி பாட்டுக்கு வர்றேன். மலையகத்துல, அதாவது சிலோன் மலைத் தோட்டப் பக்கம், எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பழைய பாட்டு இருக்கு, தமிழ்நாட்டுலயும் நாட்டுப்புறப் பாட்டு படிச்சவங்களுக்குத் தெரியும்.

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நான் மறந்தேன்

இதை எங்க அப்பாயியோட அம்மா பாடுவாங்களாம். அவங்க சின்னப் புள்ளையா துறையூர் பக்கத்துல இருந்து அப்பா அம்மாவோட போனவங்க. அவங்களுக்கு ஊருன்னா துறையூர், ஒத்தப்பனை நின்ன அந்த வறண்ட காடு. கண்டிச் சீமைன்னா அட்டை கடிக்கிற, குளுர்ல வெரல் மரத்துப் போற, காலங்காத்தால தப்பு அடிச்சு பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறதுக்கு, எழுப்புற எடம். கோப்பிப் பழம் ஒண்ணு தப்பினதுக்கு சின்னத்தொரை ஒதச்சான்னு பாட்டு இருக்குற சீமை அது, அங்க இருந்துகிட்டு யாரு அதைப் புகழ்ந்து பாடுவா. அந்தக் காலத்துப் பாட்டுல பாதிக்கு மேல கண்டியைத் திட்டுறதுதான், ஏன் வந்தோம்னு தலையில அடிச்சுக்கிறதுதான்.

எங்க அப்பாயி அங்கயே பொறந்தவங்க. துறையூரை கண்ணுல பாத்ததே இல்ல, பாட்டுலதான் பாத்தாங்க. அப்புறம் ஒரு நாள் உங்களுக்கு ஊருக்குப் போக கார்டு வந்திருச்சுன்னு சொல்லி கோச்சியில ஏத்தி விட்டாங்க. கோச்சின்னா ரயிலு. அந்த ரயிலுக்கு அங்க ஒப்பாரிக் கோச்சின்னே பேரு. டேசன்ல போறவங்களும் நிக்கிறவங்களும் சன்னல் வழியா கையைப் புடிச்சுக்கிட்டு, வண்டி நகர நகர கூடவே ஓடி, சாவு வீட்டுல வைக்கிற ஒப்பாரியை உசுரோட இருக்கிறவங்களுக்கு வச்சாங்களாம். தலைமன்னார்ல இருந்து கப்பல், ராமேஸ்வரத்துல எறங்கி, வந்தவங்களை முதல்ல தங்க வைக்கிற மண்டபம் கேம்ப். 1984-ல அந்தக் கப்பலும் நின்னு போச்சு, அதுக்கு முன்னாடியே வந்து சேந்துட்டாங்க எங்க ஆளுங்க.

மண்டபத்துல இருந்து முதல் வேலையா துறையூருக்குத்தான் போனாங்க சார். பாட்டுல இருந்த ஊரை பாக்கணும்ல. அங்க சொந்தக்காரங்கன்னு சொல்லிக்க ரெண்டு மூணு வீடு இருந்துச்சு, எங்கடா நெலத்துல பங்கு கேட்டுருவாங்களோன்னு அவங்க திண்ணையோட அனுப்பிட்டாங்க. ஒத்தப்பனை இருந்துச்சான்னு நான் ஒரு தடவை அப்பாயிகிட்ட கேட்டேன், அட போடா, பனை இருந்துச்சு மனுசன்தான் இல்லைன்னாங்க. வியாபாரம் பண்ண கடன் தர்றதுக்குன்னு கவர்மென்ட் குடுத்த கார்டை வச்சு தாத்தா துறையூர்ல பொட்டிக்கடை போட்டு, கடன் குடுத்தே கடை மூழ்கி, தேயிலையைத் தவிர கைக்கு எதுவும் வராதுன்னு தெரிஞ்சு மலை எங்க இருக்குன்னு விசாரிச்சு நீலகிரிக்கு ஏறி வந்தாங்க. இப்படி சமவெளியில தோத்துட்டு மலையேறினவங்கதான் இங்க பாதிப் பேரு. கொடைக்கானல் பக்கம் சீகை மரத்துப் பட்டை உரிக்கிற வேலைக்குப் போயி கொத்தடிமையா மாட்டிக்கிட்ட குடும்பங்களும் உண்டு, அவங்களோட ஒப்பிட்டா நாங்க புண்ணியம் பண்ணினவங்க.

இங்க வந்து சேந்த பிறகுதான் பாட்டு திரும்பிக்கிச்சு. அதே மெட்டு, அதே இழுப்பு, ஆனா இழந்த ஊரு இப்ப துறையூர் இல்ல, ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை. எந்தக் கண்டியை எங்க பாட்டிங்களோட அம்மாங்க திட்டினாங்களோ அதே கண்டியை இவங்க ஏங்கி ஏங்கிப் பாடுறாங்க. எங்க அப்பாயி கட்டின பாட்டுல ரெண்டு சொல்றேன். இது எங்கயும் அச்சுல வந்ததில்ல, எங்க லயத்தை விட்டு வெளிய போனதும் இல்ல.

ஆடி வரும் கப்பலுல
அழுதுகிட்டு ஏறி வந்தேன்
கூட வந்த கூட்டமெல்லாம்
கூடலூரில் கொட்டிப் போச்சே

தலமன்னார் கரையில
தலகுனிஞ்சு நின்ன மக்கா
எல போட்டு சோறு போட
எந்த ஊரு காத்திருக்கு

சொல்லிப் பாடச் சொன்னா பாட மாட்டாங்க. போனை நீட்டினா வாயை இறுக்கி மூடிக்குவாங்க, எனக்கென்ன ரேடியோவாடான்னு ஒரு முறைப்பு. அரிசி பொடைக்கையில, தேங்காய் துருவுறப்ப, மழை விடாம அடிக்கிற ஆடி மாசத்துல அடுப்போரம் உக்காந்து காலை நீட்டிக்கிட்டு தானா வரும். நான் திருட்டுத்தனமா மேசை மேல போனை கவுத்து வச்சு ரெக்கார்டு பண்ணினது கொஞ்சம் இருக்கு. அதுல குக்கர் விசிலு, வெளிய நாய், நடுவுல இருமல், அப்புறம் பாட்டை நிறுத்திட்டு மருமகளை உப்பு போட்டியான்னு கேக்குறது, திரும்ப விட்ட எடத்துல புடிக்கிறது எல்லாம் இருக்கு. அந்த உப்பு கேள்வியை வெட்டிரலாம்னு என் பையன் சொன்னான், நான் விடல.

மஸ்கெலியா கதையில ஒரு விஷயம் இருக்கு. பழைய மஸ்கெலியா டவுனு இப்ப கெடையாது. மவுஸ்ஸாகலைன்னு அணை கட்டி அறுபதுகளோட கடைசியில டவுனையே தண்ணிக்குள்ள விட்டுட்டாங்க. கடைத்தெரு, கோயிலு எல்லாம் உள்ள போயிருச்சு, புது டவுனு மேல கட்டினாங்க. அதாவது எங்க அப்பாயி கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே அவங்க திருவிழா பாத்த கோயில் முங்கிப் போச்சு. கோடையில தண்ணி வத்தினா பழைய கோயில் வெளிய தெரியும், சனங்க போயி கும்பிட்டு வர்றாங்க. அப்படி ஒரு வருஷம் யாரோ எடுத்துப் போட்ட வீடியோ வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டு வந்துச்சு, என் பொண்ணு அதை அப்பாயிகிட்ட காட்டினா. சேறு படிஞ்ச கல்லு, பாதி நிக்கிற செவுரு, சுத்தி வெடிச்ச வண்டல். அப்பாயி போனை கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தாங்க. வலது பக்கமா வா வலது பக்கமா வான்னு வீடியோ எடுத்தவன்கிட்ட சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தாங்க, வலது பக்கத்துலதான் வளையல் கடை இருந்துச்சாம். அவன் எங்க கேக்கப் போறான், எடது பக்கமா திருப்பிட்டான். அன்னைக்கு ராத்திரி சிவனொளிபாத மலைக்கு சீசன்ல ஏத்துற வெளக்கு வரிசையா தெரியுறதை வச்சு ஒரு பாட்டு பாடினாங்க, நான் கேட்டதே இல்லாத பாட்டு, அதை ரெக்கார்டு பண்ண முடியல, போன் அவங்க கையில இருந்துச்சு.

இதுக்கு நீங்க போட்ட பட்டியல்ல எடம் இல்லையா சார்?

இதை எழுத இன்னொரு காரணம் உண்டு. உங்க கட்டுரையை எங்க பக்கத்து டீக்கடையில நாலு பேரு படிச்சுட்டு பேசிக்கிட்டு இருந்தப்ப நான் எங்க பாட்டைப் பத்தி சொன்னேன். ஒருத்தரு, பேரு வேணாம், நல்ல மனுசன்தான், சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, சோறு இங்க பாட்டு அங்கயான்னு. இந்தியா கூப்புட்டு வேலை குடுத்து வீடு குடுத்து வச்சிருக்கு, நீங்க இன்னும் சிலோனை நினைச்சு அழுதா அது நாட்டுப்பற்றான்னு. அப்ப பதில் வரல, டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன். இப்ப சொல்றேன். கட்டிக் குடுத்த பொண்ணு பொறந்த வீட்டை நினைச்சு அடுப்படியில கண்ணைத் தொடச்சா அது புருசன் வீட்டுக்கு துரோகமா? எங்க அப்பாயி ஒரு எலெக்சனைக் கூட விட்டதில்ல, ஆகஸ்ட் 15-க்கு ஸ்கூல்ல கொடியேத்துறப்ப பேரனுங்களுக்கு இஸ்திரி போட்டு அனுப்புறது அவங்கதான். பாட்டு வேற கணக்கு. பொறந்த மண்ணும் பொழைக்கிற மண்ணும் ஒண்ணா இருக்கிற பாக்கியம் எல்லாருக்கும் அமையாது, அமைஞ்சவங்க இல்லாதவங்களைப் பாத்து உன் பாசம் எந்தப் பக்கம்னு கேக்குறது நல்லா இல்ல. அங்க இருந்தப்ப கள்ளத்தோணி, இந்தியாக்காரன்னாங்க. இங்க சிலோன்காரன். சாதிச் சான்றிதழ் வாங்க ஒரு ஆபீசுக்குப் போனா அம்பது வருசத்துக்கு முன்னாடி தாத்தா எந்த ஊருன்னு காகிதம் கேக்குறாங்க, அந்தக் காகிதம் எல்லாம் மண்டபம் கேம்ப்லயே ஈரத்துல ஒட்டிப் போச்சு. ரெண்டு நாட்டுலயும் வெளியாளா இருக்கிறவன் பாட்டுக்குள்ளயாவது ஒரு ஊரு வச்சுக்கட்டுமே.

அதுவும் தமிழ்ல இது புதுசா என்ன. பாரி மகளிர் பாடின அற்றைத் திங்கள் நாமெல்லாம் ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினதுதானே, புறநானூறுல 112-வது பாட்டு. போன நிலாவுக்கு அப்பாவும் இருந்தாரு மலையும் இருந்துச்சு, இந்த நிலாவுக்கு முரசடிச்சு வந்த ராசாக்கள் மலையையும் எடுத்துக்கிட்டாங்க அப்பாவும் இல்லைன்னு ரெண்டு பொண்ணுங்க பாடினது. மலையைப் பறிகொடுத்தவங்க பாட்டுன்னா தமிழ்ல அதுதான் முதல்ல வந்து நிக்கும். என் பொண்ணு பரீட்சைக்கு அதை சத்தமாப் படிச்சுக்கிட்டு இருந்தப்ப அப்பாயி அர்த்தம் கேட்டாங்க, சொன்னா. பாட்டு நல்லாருக்கா இல்லையான்னெல்லாம் ஒண்ணும் சொல்லல, அந்தப் புள்ளைங்க அப்புறம் எங்க போச்சுங்க, யாரு வீடு குடுத்தான்னு கேட்டாங்க. கபிலர் கூட்டிக்கிட்டுப் போனாருன்னு இவ சொன்னா. அவரு வாத்தியாரா, அவருக்கு சொந்த வீடு இருந்துச்சான்னு அடுத்த கேள்வி. தமிழ் மிஸ் கூட இப்படிக் கேட்டிருக்க மாட்டாங்க.

எங்க ஆளுங்க பாட்டு எல்லாமே ஒசத்தின்னு நான் சொல்ல வரல. நெறைய அழுகைப் பாட்டு ஒரே மாதிரி இருக்கும், ரெண்டு கேட்டா மூணாவது கேக்க வேணாம்னு தோணும். சில பழைய பாட்டுல சாதித் திமிரு அப்படியே இருக்கு, கடல் தாண்டியும் அதை மட்டும் பத்திரமா கொண்டு போயி பத்திரமா கொண்டு வந்திருக்காங்க. இப்ப உள்ள பசங்க சினிமா மெட்டுல வரியை மாத்திப் போட்டு தோட்டத்து திருவிழாவுல மைக்ல பாடுறாங்க, எனக்கு அது பிடிக்காது. பெருசுங்க அதைத் திட்டுவாங்க, நானும் கூட சேந்து திட்டுவேன். ஆனா யோசிச்சுப் பாத்தா சிலோன்ல தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரோட சம்சாரம் மீனாட்சி அம்மாள் 1930-கள்லயும் 40-லயும் தோட்டத் தொழிலாளிங்களுக்காக பாட்டு எழுதினப்ப அன்னைக்கு சனங்க வாயில இருந்த மெட்டுலதான் எழுதினாங்க, தோட்டத்துக்குள்ள ஈசியாப் போயி சேரணும்னு. அதனால மெட்டைப் பத்தி ரொம்பப் பேசக் கூடாது. இருந்தாலும் எனக்குப் பிடிக்காது, அது அப்படித்தான்.

ரேடியோவையும் சொல்லணும். எங்க வீட்டுல கல்யாணச் சீரா வந்த ஒரே பெரிய சாமான் ரேடியோதான். அந்தக் காலத்துல இலங்கை வானொலி தமிழ்நாடு பூரா கேட்டாங்க, மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரலுக்கு மயங்காத ஆளு இல்ல, மத்தவங்க அதை சினிமாப் பாட்டுக்காகக் கேட்டாங்க. எங்க லயத்துல பாட்டு முடிஞ்சு அவங்க ஊரு பேரு வாசிக்கிறதுக்காகக் கேட்டாங்க. நேயர் விருப்பத்துல ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியான்னு ஒரு பேரு வந்தா அன்னைக்குப் பூரா அதே பேச்சு, அது நம்ம சின்னசாமி மகளா இருக்குமோ, பேரு ஒத்துப் போவுதேன்னு. லெட்டர் வர மாசக் கணக்காகும், ரேடியோ உடனே சொல்லிரும்.

இப்ப நான் கேக்குற விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பாட்டெல்லாம் யாராவது உக்காந்து முறையா பதிவு பண்ணணும், அதுவும் சீக்கிரம். கப்பல்ல பெரியவங்களா வந்தவங்க இப்ப எண்பதைத் தாண்டியாச்சு. எங்க லைன்லயே பாடத் தெரிஞ்ச பாட்டிங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க, எழவு வீட்டுல ஒப்பாரி வைக்கவே இப்ப வாடகைக்கு செட்டு கூப்புடுறாங்க, ஒப்பாரிப் பாட்டு தெரிஞ்ச பாட்டிக்கு செத்தப்ப ஸ்பீக்கர்ல ஒப்பாரி போட்டாங்க. அங்க மலையகத்துல சி.வி.வேலுப்பிள்ளை அந்த வேலையைப் பண்ணினாரு. அவரு 1947-ல தலவாக்கலையில ஜெயிச்சு முதல் பாராளுமன்றத்துக்குப் போனவரு, மறு வருசமே ஓட்டுப் போட்ட சனங்களோட குடியுரிமை போச்சு. அந்த மனுசன் மலைநாட்டுப் பாட்டையெல்லாம் தேடித் தேடி சேத்து வச்சதாலதான் மேல நான் எழுதின ஒத்தப்பனைப் பாட்டெல்லாம் இன்னைக்கு புத்தகத்துல இருக்கு. ஆனா அது போன பாட்டு, அங்கேயே நின்ன பாட்டு. திரும்பி வந்த பாட்டை யாரு சேத்தாங்க?

நீலகிரியையே எடுத்துக்குங்க. எமனோன்னு ஒரு மொழி ஆராய்ச்சிக்காரரு 1930-கள்லயே வந்து தங்கி தோடர் பாட்டை எழுதி எடுத்து 1971-ல பெரிய புத்தகமா போட்டாரு. தோடர் பாட்டுலயும் எருமை, மந்து (அவங்க குடியிருப்பு), மலைன்னு ஒவ்வொரு எடத்தோட பேரும் வரிசையா வரும், அந்தப் புல்வெளியெல்லாம் இப்ப சீகையும் கற்பூர மரமும் தேயிலையுமா ஆயிருச்சு, சொந்த மலையில இருந்துகிட்டே மலையை இழந்தவங்க அவங்க, அதுல எங்க தேயிலைக்கும் பங்கு உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஊட்டி முத்தோரை பாலாடாவுல பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கு. ஊட்டியில வானொலி நிலையம் இருக்கு. பாளையங்கோட்டை சேவியர் காலேஜ்ல நாட்டார் வழக்காற்றியல்னு தனி துறையே இருக்கு. இவங்கள்ல யாராவது ரெண்டு புள்ளைங்களை ஒரு நல்ல மைக்கோட கோத்தகிரிக்கும் பந்தலூருக்கும் அனுப்பினா போதும், வீட்டுல தங்க வச்சு சோறு போட நாங்க ரெடி. ஆனா கோட்டு போட்டுக்கிட்டு காலையில வந்து சாயங்காலம் கெளம்புறேன்னா ஒண்ணும் கெடைக்காது, அரிசி பொடைக்கிற நேரத்துல பக்கத்துல இருக்கணும்.

சீக்கிரம்னு நான் சொல்றதுக்கு வயசு மட்டும் காரணம் இல்ல. எங்களுக்காகன்னே 1968-ல ஆரம்பிச்சு 1976-ல கழகமா ஆன டேன்டீ, அதாவது அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தோட தோட்டத்துல 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் குடுக்க 2022-ல அரசு உத்தரவு வந்தது பேப்பர்லயே வந்துச்சு, உங்க பேப்பர்லயும் போட்டீங்க. காடு வளரட்டும், யானைக்கும் எடம் வேணும், அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா தோட்டம் சுருங்கச் சுருங்க லயம் காலியாவுது. பசங்க திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோயமுத்தூர் மில்லுக்கும் போயிட்டாங்க, பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும் பஸ் புடிச்சு வர்றாங்க. என் தம்பி மகன் திருப்பூர்ல இருந்து போன் பண்ணி பெரியப்பா அப்பாயி பாட்டை அனுப்புங்கன்னான், நான் அந்தக் குக்கர் விசிலோட இருக்கிறதை அனுப்பினேன். ரூம்ல நாலு பசங்க சேந்து கேட்டாங்களாம். அதுல ஒருத்தன் வால்பாறைக்காரன், அவன் வீட்டுப் பாட்டியும் இதே மெட்டுல வேற ஊரு பேரு போட்டு பாடுமாம். அவனுக்கு அப்பாயியும் தெரியாது ஹட்டனும் தெரியாது. இப்ப அந்தப் பசங்க திருப்பூர்ல இருந்து பந்தலூரை நினைச்சு ஏங்குறானுங்க, மழையும் அட்டையும் கூட நல்லாருந்துச்சுன்னு ஸ்டேட்டஸ் போடுறானுங்க. அடுத்த பாட்டு எந்த ஊரைப் பத்தி வரும்னு எனக்கு இப்பவே தெரியுது.

அங்க மிச்சம் இருக்கிறவங்க 2023-ல மலையகம் இருநூறு வருசம்னு சொல்லி தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்க, எங்க மூதாதையருங்க காட்டு வழியா நடந்து செத்த அதே பாதையில. ஜூலை கடைசியில கெளம்பி ஆகஸ்ட் 12-ல போயி சேந்தாங்க. நாங்க கடையில போன்ல பாத்துக்கிட்டு இருந்தோம். இங்க எங்களுக்கு அப்படி நடக்க ஒரு பாதை இல்ல, ராமேஸ்வரத்துல இருந்து நடந்தா எங்க போயி முடிக்கிறது, துறையூர்லயா கொளப்பள்ளியிலயா. பாட்டைத்தான் சேத்து வைக்க முடியும்.

கடைசியா ரெண்டு விண்ணப்பம் சார். இந்த லெட்டர் நீளம்னு வெட்டுவீங்க, தெரியும், வெட்டுங்க, நான் பேசினதை எவ்வளவு வேணா வெட்டுங்க, அப்பாயி கட்டின அந்த எட்டு வரியை மட்டும் விட்டுருங்க. ரெண்டாவது, இதை நீலகிரி பதிப்புல மட்டும் போட்டுராதீங்க. திருப்பூர், கோவை பதிப்புலயும் போடுங்க, திருச்சி பதிப்புல போட்டா இன்னும் நல்லது, துறையூர்ல யாராவது படிக்கட்டும். வீட்டுல இதே மாதிரி பாட்டு ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கிறவங்க உங்க ஆபீசுக்கு அனுப்பினா அதை ஒரு எடத்துல சேக்க ஏதாவது வழி பண்ணுங்க. என்கிட்ட இருக்கிறதை மெமரி கார்டுல போட்டு தபால்ல அனுப்பி வைக்கிறேன், பாத்துட்டு கார்டை மட்டும் திருப்பி அனுப்பிருங்க, அது பையனோடது.

இப்படிக்கு,
தாயகம் திரும்பியோர் வீட்டுப் பேரன் ஒருத்தன்,
கொளப்பள்ளி, பந்தலூர் தாலுகா, நீலகிரி.